அனுப்பம்பட்டில் இரண்டு என்லார்ஜர்கள்

மேசைமேல் இரண்டு மிஷின்கள் நின்றன. ஒன்று பளபளவென்று இருந்தது. அதன் அட்டைப் பெட்டியைக்கூடப் பத்திரமாகப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். இன்னொன்று கறுப்பு. தண்டில் துரு, மூடியில் பெயின்ட் உரிந்து, நடுவில் இருக்கும் மடிப்புத் தோலில் யாரோ பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள்.

"ஒண்ணு எடுத்துக்கம்மா. ஒண்ணுதான். இன்னொண்ண என் மகன் கேட்டிருக்கான்" என்றார் அந்தோணி சார்.

"எது சார் நல்லது?"

"அத நான் சொல்லமாட்டேன். சொன்னா, மட்டமானத உன் தலையில கட்டுறேன்னு நெனைப்ப. நீயே பாத்து எடு."

அந்தோணி சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கினால் கூப்பிடு தூரத்தில் வீடு. ஒரு காலத்தில் ஆசைக்குப் படம் எடுத்து, வீட்டிலேயே கழுவிப் பிரின்ட் போட்டவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார்.

என்லார்ஜர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே விளக்கு, அதன் கீழே நெகட்டிவ் வைக்கும் தட்டு, அதற்கும் கீழே லென்ஸ். விளக்கைப் போட்டால், இரண்டு விரலில் பிடிக்கிற நெகட்டிவ் கீழே பலகையில் பெரிதாக விழும். தலையை ஏற்ற ஏற்றப் படமும் பெரிதாகும். அவ்வளவுதான் சங்கதி.

என் வீட்டுக்காரர் ஏழுமலை, ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர் தோணிரேவில் போட் இன்ஜின் மெக்கானிக். பழைய சாமான் வாங்குவதில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டு மிஷினையும் மோந்து பார்த்தார். திருகைத் திருப்பிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். இன்ஜின் வாங்கப் போனாலும் இதே கதைதான். ஓனர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார், மோந்து பார்ப்பார்.

"இத்த உடுமே" என்றார் கறுப்பைக் காட்டி. "துரு கீது பாரு. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஒரு மழை தாங்காது. அத்த எடு, அலுமினியம். கை வச்சா வழுக்குது."

எனக்கும் பளபளப்பின் மேல்தான் கண். பொய் சொல்வானேன்.

எனக்கேன் இந்த வேலை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் உத்தியோகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் இருட்டறை உதவியாளர். எக்ஸ்ரே படங்களைச் சிவப்பு விளக்கில் கழுவி, காயவைத்து, டாக்டருக்கு அனுப்புகிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அதையே செய்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. என்னை வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "இருட்டிலேயே இருந்தீர்களே, பயமாக இருக்காதா?" என்று கேட்டிருந்தார்.

அம்மா, எனக்குப் பகல்தான் பயம். இருட்டில் என் கை தானாக வேலை செய்யும்.

ஆஸ்பத்திரியில் பழைய இருட்டறைச் சாமான்களைக் கழித்து ஏலம் விட்டபோது, கழுவும் தொட்டிகள், கிளிப்புகள், காலாவதியான எக்ஸ்ரே ஃபிலிம் இரண்டு பெட்டி, படத்தை மாட்டிப் பார்க்கிற வெளிச்சப் பெட்டி எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டேன். "இத்த வச்சி இன்னா பண்ணப் போற, மீன் கழுவவா?" என்று ஊரே சிரித்தது. பதில் கொஞ்ச நாள் கழித்து ஒரு பழுப்புக் கவரில் வந்தது.

பழவேற்காடு பஜாரில் இருந்த ஒரு ஸ்டுடியோவை இடித்தார்கள். ஓனர் நல்ல மனிதர். பழைய நெகட்டிவ்களைக் குப்பையில் போடாமல், கவர் மேல் இருந்த பேரைப் பார்த்து வீடு வீடாகக் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டுக்கு வந்த கவரில் "கன்னியம்மா, தோணிரேவு" என்று இருந்தது. கன்னியம்மா என் அம்மா. அவள் போய்ச் சில வருஷமாகிறது.

அந்தப் படம் எனக்குத் தெரியும். ஏதோ கார்டுக்காக எடுத்தது. கார்டில் அம்மாவின் முகம் மட்டும் தபால்தலை அளவில் ஒட்டியிருக்கும். ஆனால் கவரில் இருந்தது முழு நெகட்டிவ். சதுரமாக, பழைய பெரிய கேமராவில் எடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருப்பதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அம்மா ஏரிக்கரை மணலில் நிற்கிறாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

அது செல்வி என்று நினைத்தேன்.

மறந்துபோன முகம்

செல்வி என் அக்கா. ஆறு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அப்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எங்கள் ஊரில் அந்த நாளில் குழந்தைக்கு யார் போட்டோ எடுத்தார்கள்?

என் நைனாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில், பெரிதாக, வெளிச்சமாக, கிட்டத்தில் வைத்தால் தெரியும். மழைக்காலம் தாண்டினால் அதுவும் நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நைனா அழவில்லை. வீட்டுக்கு வந்து வலைக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு வேறு ஒன்றைச் சொன்னார்.

"செல்வி மூஞ்சி மறந்துபோச்சிம்மா. கொரல் கீது. கூப்புட்டா ஓடியார்றது கீது. இருட்டுன்னா அவளுக்கு பயம், வெளக்க அணைச்சா என் லுங்கியப் புடிச்சிக்கும், அதுகூட கீது. மூஞ்சிதான் வரமாட்டேங்குது. கண்ணு இருக்கும்போதே வரல, கண்ணு போனா எங்கருந்து வரப் போவுது?"

பெற்ற பிள்ளை முகம் மறந்த குற்றத்துக்காக அந்த மனுஷன் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்? என்னிடமா?

மொபைலில் எடுத்துப் பெரிதாக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தேன். பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேனும் பண்ணினேன். மணல் வெளிச்சத்தில் எடுத்ததால் நெகட்டிவ் அடர்த்தியாகக் கறுத்துப் போயிருந்தது. அம்மா இடுப்பில் பூசணிக்காயைத் தூக்கி வைத்திருப்பதுபோலத்தான் வந்தது. கடைக்காரப் பையன், "அவ்ளோதாங்க்கா" என்றான்.

அவ்வளவுதான் இல்லை என்று என் கைக்குத் தெரியும். கறுத்துப்போன எத்தனை எக்ஸ்ரேயைப் பலமான விளக்கில் வைத்து மயிரிழை முறிவைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன்! விளக்கு வேண்டும், நேரம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் என்லார்ஜர்.

கத்திரி எங்கே சார்?

அந்தோணி சார் ஜன்னலைச் சாத்தினார். முதலில் பளபளப்பு. நெகட்டிவைத் தட்டில் வைத்தால் பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அந்த மிஷின் சின்ன ஃபிலிமுக்குச் செய்தது. ஆனால் விளக்கைப் போட்டதும்... அடேங்கப்பா! பலகையில் அம்மாவின் முகம், புருவத்து முடி தெரிகிற மாதிரி.

"ஐயோ, அத்த!" என்று என் வீட்டுக்காரர் இரண்டடி பின்வாங்கினார். மாமியாருக்கு உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. "எங்க அத்த கண்ண முழிச்சிகினு பாக்குறாங்கமே!"

முகம் மட்டும்தான் விழுந்தது. இடுப்புக் குழந்தையைக் காணோம்.

"ரெண்டா வெட்டிக்கலாம்மா. ஒரு துண்டுல அம்மா, இன்னொரு துண்டுல குழந்தை. சுத்தி இருக்கிறது வெறும் மணலும் தண்ணியும்தானே?" என்றார் அந்தோணி சார்.

"அதான் கரெக்ட்டு. கத்திரி எங்க சார்?" என்று என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

கத்திரியும் வந்தது. தையல்காரர் வைத்திருப்பதுபோலப் பெரிய கத்திரி. அவர் அதை விரலில் மாட்டிக்கொண்டு நெகட்டிவுக்குக் கையை நீட்டினார்.

"கைய எடுய்யா!" என்று கத்தினேன். அந்தோணி சாரின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எனக்கு அப்போது பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், படத்தில் கத்திரி படக்கூடாது என்பது. வேண்டாத இடம் என்று ஒன்று படத்தில் கிடையாது. அதை முடிவு பண்ணுகிறவர் டாக்டர், நீ இல்லை என்பார்கள். அந்தப் பழக்கம்தான். அதோடு, இடுப்புக் குழந்தையை அம்மாவிடமிருந்து வெட்டுவதா? சீ!

கறுப்பு மிஷினில் வைத்தேன். தட்டின் ஜன்னல் பெரிது. நெகட்டிவ் முழுசாக உட்கார்ந்தது. படம் கொஞ்சம் மங்கல்தான். திருகு கரகரவென்றது. ஆனால் அம்மா, குழந்தை, மணல், தண்ணீர், எல்லாம் விழுந்தது. தவிர, அதன் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைக்கலாம் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

"இதுதான் சார்" என்றேன்.

அந்தோணி சார் துருப்பிடித்த தண்டை வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார். அவருக்குப் பிடித்ததும் அதுதான் போலிருக்கிறது.

பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "இன்னாமா இது, ரத்தம் எடுக்குற மிஷினா?" என்றார் கண்டக்டர். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். துருவை வாங்கியவள் பெண்டாட்டி என்று யாருக்கும் தெரியக்கூடாதாம்.

கிரீஸ்

தோணிரேவில் இரும்பென்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் முதல் வேலை அதற்கு கிரீஸ் தடவுவது. கதவுக் கீல், சைக்கிள், தையல் மிஷின், சைக்கிள் பூட்டு, எதையும் விடமாட்டார்கள். உப்புக் காற்று அப்படி. என் வீட்டுக்காரர் ஒருமுறை டிவி ஸ்டாண்டுக்கே தடவி, வந்தவர்கள் சட்டையெல்லாம் பாழானது.

மறுநாள் நான் டியூட்டிக்குப் போன நேரத்தில் அந்த மனுஷன் என்லார்ஜரைத் துடைத்திருக்கிறார். தண்டுக்கு கிரீஸ். திருகுக்கு கிரீஸ். அதோடு நின்றிருக்கலாம். மூடியைக் கழற்றி, உள்ளே கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் மொத்தமாகப் பூசியிருக்கிறார்.

எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வலை வைக்கிற அறையில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீரில், படம் கழுவுகிற மருந்தான டெவலப்பரைக் கலக்கினேன். நெகட்டிவை வைத்து விளக்கைப் போட்டேன். வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்தது. குழந்தையின் முகத்தைக் கூர்மையாக்கத் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். விளக்கு சூடேறியது.

குழந்தையின் தலைமேல் ஒரு நிழல் வந்து விழுந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது பரவியது. கன்னம் போனது. கண் போனது.

"ஐயோ! ஐயோ!" என்று விளக்கை அணைத்துவிட்டுத் தட்டை இழுத்தேன். விரலெல்லாம் கிரீஸ். உருகிச் சொட்டியிருக்கிறது.

நைனாவுக்கு மிச்சமிருந்த ஒரே முகத்தை நானே அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஃபிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு. படம் இருக்கிற மங்கலான பக்கம் கீழே பார்த்திருந்தது. கிரீஸ் விழுந்தது மேலே இருந்த பளபளப் பக்கத்தில். சாமி காப்பாற்றியது. ஊசி போடும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, ஒரே திசையில், மெல்ல மெல்லத் துடைத்தேன். நிழல் போனது. முகம் அப்படியே இருந்தது.

பிறகுதான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். பேசியதையெல்லாம் இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அவர் பழைய துணி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கடைசியில், "துரு புடிக்கக் கூடாதேன்னுதான்மே..." என்றார். பாவமாக இருந்தது. உட்கார்ந்து மிஷின் முழுக்கத் துடைக்க வைத்தேன்.

நீதானே இது

என்னிடம் போட்டோ பேப்பர் கிடையாது. எக்ஸ்ரே ஃபிலிம்தான் இருந்தது. நெகட்டிவை அதில் இறக்கினால் நேர்ப்படமாகிவிடும். சின்ன அளவு ஃபிலிம் ஒன்றில் முழுப் படத்தையும் இறக்கினேன். சிவப்பு விளக்கில், தொட்டிக்குள், முதலில் அம்மாவின் தலைமுடி வந்தது. பிறகு புடவைக் கரை. பிறகு ஒரு ஜோடிக் குழந்தைக் கண்.

எலும்பு வருவதை ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான். நுரையீரல், முதுகுத்தண்டு, விழுங்கிய நாணயம், எல்லாம் பார்த்தாயிற்று. அந்தத் தொட்டியிலிருந்து யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

படத்தைக் காயவைத்து, கூடத்தில் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, நைனாவைக் கிட்டத்தில் உட்காரவைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

நைனா இடது கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மூக்கு ஃபிலிமில் இடித்தது.

"கன்னியம்மா" என்றார். பிறகு, "இடுப்புல நீதானே இது?"

"நைனா, செல்வி நைனா!"

"செல்வி இன்னாத்துக்கு இடுப்புல ஏறுறா, அவதான் பெரிய பொண்ணாச்சே. இது நீ. மூக்கு ஒழுவுது பாரு."

என் மூக்கைப் பார்க்கவா இத்தனை பாடு? அனுப்பம்பட்டு, கத்திரி, கிரீஸ், எல்லாம் எனக்காகவா? பெட்டியை அணைக்கப் போனேன்.

"அன்னிக்கி செல்வியும் கூட வந்தாளே" என்றார் நைனா. "போட்டோக்காரரு நிக்க வாணாம்னு தொரத்திட்டாரு. தண்ணியில போய் நின்னுகினா. வான்னா வரல."

"எங்க நைனா நின்னா?"

"உங்கம்மாவுக்குப் பின்னாடிதான்."

படத்தைப் பார்த்தேன். அம்மாவின் தோளுக்கு அப்பால், விளிம்போரமாக, தண்ணீரில் ஒரு கழி. அதன் நுனியில் பட்டாணி அளவில் ஒரு மிதவை. வலை கட்டுகிற கழி என்று நினைத்து நெகட்டிவிலேயே தாண்டிப் போயிருந்தேன். எக்ஸ்ரே பார்க்கிற கண்ணுக்கு அப்படி ஒரு பழக்கம். எக்ஸ்ரேயில் ஓரம் என்பது நோயாளி பேரும் நம்பரும் போடுகிற இடம். பார்வை நடுவுக்குத்தான் போகும், எலும்பு அங்கேதான் இருக்கும்.

அது கழி இல்லை.

ஓரம்

மறுபடி தார்ப்பாய். என்லார்ஜரின் தலையை எவ்வளவு ஏற்றினாலும் போதவில்லை. அப்போதுதான் அதைத் திருப்பினோம். மிஷினை அறையின் ஒரு கோடியில் வைத்து, எதிர்ச் சுவரைப் பார்க்கவைத்தேன். பளபளப்பு மிஷினுக்கு அந்தக் கழுத்து கிடையாது. என் வீட்டுக்காரர் கிரீஸ் இல்லாத கையால் தண்டைப் பிடித்துக்கொண்டார். "ஆடாதய்யா" என்றேன். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நெத்திலியின் கண் அளவு இருந்தது சுவரில் என் இரண்டு உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. கறுப்பு வெள்ளை மாறி, மணல் மணலாக இருந்தாலும், அது முகம். மிஷின் விளக்கை அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கில் என்னிடம் இருந்ததிலேயே பெரிய ஃபிலிமை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். மறுபடி மிஷின் விளக்கைப் போட்டு மனசுக்குள் எண்ணினேன். பிறகு தொட்டியில் விட்டேன்.

வந்தாள். முதலில் நெற்றி. ஈரமுடி ஒட்டியிருந்தது. பிறகு இரண்டு கண், வெயிலுக்கு இடுக்கியபடி. பிறகு வாய். சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று இல்லை.

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அந்தக் கத்திரி ஞாபகம் வந்தது. வெறும் மணலும் தண்ணீரும் என்று வெட்டிப் போட்டிருந்தால் இவள் அனுப்பம்பட்டில் ஒரு குப்பைக் கூடையில் கிடந்திருப்பாள். ஆறு வயதுப் பெண் இவ்வளவு காலம் ஒரு விளிம்பில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இதை நான் என்னவென்று சொல்ல? என் கையாலேயே செய்தேன், எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

வெளிச்சப் பெட்டி

ஈரம் காய்வதற்குள் நைனா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். படத்தைப் பெட்டியில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு ஒரு நீலம் உண்டு. அந்த நீலத்தில் செல்வி பளிச்சென்று நின்றாள். நிஜ முகத்தின் அளவு.

நைனா நெருங்கி வந்து பார்த்தார். கையை நீட்டி, படத்தில் அவளுடைய வாயை, அந்தப் பல் இல்லாத இடத்தைத் தொட்டார்.

"பல்லு அன்னிக்கிதான் வுழுந்துச்சி" என்றார். "நான்தான் கூரை மேல போட்டேன். புதுசு எப்ப மொளைக்கும், எப்ப மொளைக்கும்னு என் உயிர வாங்கிட்டா."

அது முளைப்பதற்குள் அவள் போய்விட்டாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நைனா அழுதார். நானும் அழுதேன். "மூஞ்சி வந்துடுச்சிம்மா, வந்துடுச்சி" என்று என் கையைப் பிடித்து ஆட்டினார்.

சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தேன். பெட்டி சூடாகிறதே என்று ஸ்விட்சில் கை வைத்தேன்.

"அணைக்காதம்மா" என்றார் நைனா. "இருட்டுன்னா அவளுக்கு பயம்."

மழைக்காலம் வந்து போய்விட்டது. டாக்டர் சொன்னதுபோலவே ஆயிற்று. நைனாவுக்கு இப்போது இரவும் பகலும் ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பெட்டியை நாங்கள் அணைப்பதில்லை. கரண்ட் போனால், விசிறி நிற்கிற சத்தத்தை வைத்து அவருக்குத் தெரிந்துவிடும். சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து போய், லுங்கி நுனியை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டுவிட்டு, கரண்ட் வரும்வரை அங்கேயே நிற்கிறார்.